காட்டு வீட்டின் கணக்கு

(கணித ஆசிரியை)



கணக்கு என்றாலே உங்களில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "இதையெல்லாம் படித்து என்ன பயன், டீச்சர்?" என்று கேட்காத வகுப்பே இல்லை. ஆகவே இந்த ஆண்டு மலரில் ஒரு கணக்கையே உங்களுக்குக் கட்டுரையாகத் தருகிறேன். அஞ்ச வேண்டாம்! கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். ஒரு மனிதர் காட்டுக்குள் சென்று, தம் கையாலேயே வீடு கட்டி, அதற்கான செலவை ஒரு சென்ட் விடாமல் எழுதி வைத்தார். அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதே இன்றைய பாடம்.

காட்டுக்குச் சென்றவர்

அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்னும் ஊரில் 1817-ஆம் ஆண்டு பிறந்தார். ஹார்வர்ட் கல்லூரியில் பட்டம் பெற்றவர். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது விரும்பிப் படித்த சட்டமறுப்பு பற்றிய கட்டுரையை எழுதியவரும் இவரே.

மனிதன் உயிர் வாழ உண்மையில் எவ்வளவு பொருள் தேவை? வீட்டுக்காகவும் உடைக்காகவும் வாழ்நாள் முழுவதும் கடனில் மூழ்கத்தான் வேண்டுமா? இக்கேள்விகள் தோரோவைத் துளைத்தன. விடையை ஏட்டில் தேடாமல் வாழ்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஊரிலிருந்து சுமார் ஒன்றரை மைல் தொலைவில் வால்டன் என்னும் குளம் உள்ளது. அதன் கரையில் மரங்கள் அடர்ந்த நிலம் ஒன்று அவருடைய நண்பரும் அறிஞருமான எமர்சனுக்குச் சொந்தமாக இருந்தது. அந்த நிலத்தில்தான் 1845-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், கடன் வாங்கிய ஒரு கோடரியோடு தோரோ போய் நின்றார்.

வீடு எழுந்த விதம்

முதலில் உயர்ந்து வளர்ந்திருந்த இளம் பைன் மரங்களை வெட்டினார். முக்கியமான மரங்களை மட்டும் ஆறு அங்குலச் சதுரமாகச் செதுக்கினார். சுவர்ச் சட்டங்களில் பெரும்பாலானவற்றை இரண்டு பக்கமும், கூரை மரங்களையும் தரை மரங்களையும் ஒரே பக்கமும் செதுக்கி, மற்றப் பக்கங்களில் பட்டையை அப்படியே விட்டுவிட்டார். வேலையும் குறைந்தது, மரத்தின் வலிமையும் குறையவில்லை. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றில் குடைந்த துளைக்குள் இறுகப் பொருத்தும் முறையில் அவற்றை இணைத்தார்.

அடுத்துப் பலகைகள் வேண்டும். புதுப் பலகை விலை அதிகம். அப்போதுதான் அந்தப் பக்கம் புதிய இரயில் பாதை போடப்பட்டிருந்தது. அதில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு விலை பேசினார். அதைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைச் சிறு வண்டியில் ஏற்றிக் குளக்கரைக்குக் கொண்டுவந்தார். அவற்றைப் புல்லின்மேல் பரப்பி வெயிலில் போட்டார். வளைந்த பலகை வெயிலில் நிமிரும், பழைய கறையும் வெளுக்கும் அல்லவா? அவர் வண்டியோடு போய்வந்த நேரத்தில், பக்கத்தில் இருந்த ஒருவர் நல்ல ஆணிகளாகப் பார்த்துத் தம் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாராம்!

மணற்பாங்கான சரிவில் ஆறடிச் சதுரம், ஏழடி ஆழத்தில் ஒரு நிலவறை தோண்டினார். எவ்வளவு கடுங்குளிரிலும் அந்த ஆழத்தில் உருளைக்கிழங்கு உறைந்து போகாது. நிலத்தின் மேற்பரப்பு எவ்வளவு குளிர்ந்தாலும் ஆழத்தில் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை என்ற அறிவியல் உண்மையை இங்கே நினைவு கூருங்கள்.

மே மாதத் தொடக்கத்தில் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து சட்டங்களைத் தூக்கி நிறுத்தினர். ஜூலை 4-ஆம் நாள், பலகை அடித்துக் கூரை போட்டவுடனேயே, தோரோ குடியேறிவிட்டார். சுவரில் விரல் நுழையும் இடுக்குகள், அடுப்பும் இல்லை. வெளியே தரையில்தான் சமையல். இலையுதிர் காலத்தில் குளத்திலிருந்து கற்களைச் சுமந்து வந்தும், பழைய செங்கற்களின் காரையைச் சுரண்டியும் புகைபோக்கி கட்டினார். சுவரின் வெளிப்புறத்தில் ஓடு போல மெல்லியதாகப் பிளந்த மரச் சில்லுகளை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி அடித்தார். உட்புறத்தில் மெல்லிய மரப்பட்டிகளை அடித்து, அவற்றின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினார். சாந்து வெடிக்காமல் இருக்க அதில் விலங்கு மயிரைக் கலப்பது அங்கே வழக்கம். நம் ஊர்க் கொத்தனார்கள் முன்பு கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு பக்குவம்!

இவ்வாறு அகலம் 10 அடி, நீளம் 15 அடி உள்ள வீடு எழுந்தது. பரப்பைக் கணக்கிடுங்கள். 150 சதுர அடி! நம் வகுப்பறையில் பாதிகூட இராது.

செலவுக் கணக்கு

இதோ தோரோ எழுதிய செலவுப் பட்டியல். 100 சென்ட் சேர்ந்தது ஒரு டாலர். அந்நாளில் அமெரிக்காவில் அரை சென்ட் நாணயமும் இருந்தது.

பலகைகள், பெரும்பாலும் பழைய குடிசையினுடையவை – 8.03½
கூரைக்கும் பக்கங்களுக்கும் கழிவு மரச் சில்லுகள் – 4.00
மரப்பட்டிகள் – 1.25
கண்ணாடியுடன் பழைய சன்னல்கள் இரண்டு – 2.43
பழைய செங்கல் ஆயிரம் – 4.00
சுண்ணாம்பு, இரண்டு பீப்பாய் – 2.40
சாந்துக்கான மயிர் – 0.31
அடுப்பு முகப்பைத் தாங்கும் இரும்பு – 0.15
ஆணிகள் – 3.90
கீலும் திருகாணியும் – 0.14
தாழ்ப்பாள் – 0.10
சுண்ணக்கட்டி – 0.01
வண்டிக் கூலி – 1.40

கூட்டிப் பாருங்கள். 28 டாலர் 12½ சென்ட் வருகிறதா? சரி. அதே காலத்தில் ஹார்வர்ட் கல்லூரியில் இதைவிடச் சற்றே பெரிய ஓர் அறைக்கு ஒரு மாணவர் கொடுத்த வாடகை, ஆண்டுக்கு 30 டாலர்! ஓராண்டு வாடகையைவிடக் குறைந்த செலவில் ஒரு சொந்த வீடு! ஒரு சென்ட் சுண்ணக்கட்டியைக்கூட மறக்காமல் எழுதிய அந்த நேர்மையையும் பாராட்ட வேண்டும். செலவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆணிக்கே போயிருப்பதைக் கவனித்தீர்களா? சிறு பொருள்தானே என்று எதையும் கணக்கில் விடக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

வீட்டருகே இரண்டரை ஏக்கரில், பெரும்பாலும் அவரை விதைத்தார். முதல் ஆண்டில் நிலத்திலிருந்து வந்த வரவு 23.44 டாலர், செலவு 14.72½, மிச்சம் 8.71½. எட்டு மாதங்களுக்கு விலை கொடுத்து வாங்கிய உணவுப் பொருள்களுக்கு அவர் செலவிட்டது 8.74. அதில் அரிசியும் உண்டு என்றறிய நமக்கு மகிழ்ச்சியே!

கணக்கில் ஏறாதவை

இனிதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. கூட்டல் சரியாக இருந்தால் மட்டும் கணக்கு முழுமையாகிவிடுமா? விடுபட்டவை எவை என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

நிலம் நண்பருடையது, வாடகை இல்லை. மரமும் கல்லும் மணலும் அந்த இடத்திலேயே எடுத்தவை. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தோரோவே சொல்லிவிடுகிறார். கோடரி இரவல். அதை வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாக்கித் திருப்பிக் கொடுத்தார் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இரவல் வாங்கும் பழக்கமுள்ள நாம் அனைவரும் கற்க வேண்டிய பண்பு இது. வீட்டைத் தூக்கி நிறுத்திய நண்பர்களின் கைகளுக்கும் விலை போடப்படவில்லை.

அந்தக் குடிசைக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 4 டாலர் 25 சென்ட் கைமாறியது. மறுநாள் காலை ஐந்து மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது பேச்சு. ஆறு மணிக்குத் தோரோ அவர்களைச் சாலையில் கண்டார். படுக்கை, காப்பி அரைக்கும் கருவி, முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் என அவர்களுடைய உடைமை முழுவதும் ஒரே மூட்டைக்குள் அடங்கிவிட்டது. அந்தக் குடிசையிலேயே பிறந்த கைக்குழந்தையும் அவர்களுக்கு இருந்தது. வீட்டுப் பூனை மட்டும் காட்டுக்குள் ஓடி, பின்னர் ஒரு பொறியில் சிக்கி இறந்தது. ஒருவர் விரும்பித் தேடிக்கொண்ட எளிமை, இன்னொருவர் விரும்பாமல் சுமந்த வறுமையின் பலகைகளால் எழுந்தது. விலை நியாயமானதே, தோரோ யாரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் '8.03½' என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பம் சாலையில் நடந்து போகிறது என்பதை மறக்கலாகாது.

மற்றொரு விடுபாடும் உண்டு. தம் ஓராண்டுச் செலவை எழுதும்போது, துணி துவைத்தலும் கிழிசல் தைத்தலும் பெரும்பாலும் வெளியில் நடந்தன, அவற்றுக்கான பில் இன்னும் வரவில்லை என்று தோரோ போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அவர் தாயாரும் தமக்கை தங்கையரும் வாழ்ந்த வீடு ஊரிலேயே இருந்தது. அந்த வீட்டுக்கு அவர் அடிக்கடி போய் உண்டு வருவார். 1846-ஆம் ஆண்டு ஜூலையில், வரி கட்ட மறுத்ததற்காக ஓர் இரவு சிறையில் இருந்தார். மறுநாள் யாரோ வரியைக் கட்டிவிட, விடுதலையானார். கட்டியவர் அவருடைய அத்தை என்றே பலரும் கருதுகின்றனர். அந்தத் தொகையும் அவர் கணக்கில் இல்லை.

மாணவியரே, அந்தத் துவையலுக்கும் தையலுக்குமான பில் இன்று வரை வரவில்லை! இனியும் வராது. ஏனெனில் அத்தகைய பில்லை எழுதும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை.

இன்றைய காட்டு வீடுகள்

இன்றும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் மின்கம்பி எட்டாத காட்டு நிலத்தில் சிறு வீடு கட்டி வாழ்வோர் உண்டு. அவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் நான்கு: தண்ணீர், வெப்பம், வெளிச்சம், கழிவு.

தோரோவுக்குக் குளமே கிணறு. குளிர்காலத்தில் பனியையும் அதன்கீழ் ஓரடி உறைநீரையும் வெட்டித் தண்ணீர் மொண்டார். அந்தப் பகுதியின் பனிக்கட்டி அக்காலத்தில் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. அதைச் சேமிக்கக் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்' இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினா கடற்கரை எதிரே நிற்கிறது. இன்று காட்டில் குடியேறுவோர் ஆழ்கிணறு தோண்டுவர், அல்லது கூரை நீரைத் தொட்டியில் சேர்ப்பர். வெப்பத்திற்கு விறகடுப்பு; பனியின் பாரம் தங்காமலிருக்கச் சரிவான கூரை. வெளிச்சத்திற்குத் தோரோவிடம் ஓர் எண்ணெய் விளக்கு இருந்தது; இன்று சூரிய ஒளித் தகடும் மின்கலமும் உள்ளன. ஆனால் குளிர்காலத்தில் அங்கே பகல் குறைவு, மர நிழல் மிகுதி. ஆதலால் மின்சாரத்தைத் தண்ணீரைப்போல் அளந்து செலவிட வேண்டும். கழிவுக் குழி கிணற்றுக்கு எட்டத்தில் அமைய வேண்டும். இவற்றில் எதுவும் தனி ஒருவரின் படைப்பு அன்று. சூரிய ஒளித் தகட்டைச் செய்தவர் வேறு, மின்கலத்தைச் செய்தவர் வேறு, அவற்றைக் காடு வரை சுமந்து வந்தவர் வேறு.

வீட்டுப் பாடம்

இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் வாழ்ந்தபின், 1847 செப்டம்பர் 6-இல் தோரோ அந்த வீட்டை விட்டு வெளியேறினார். 'வால்டன்' என்ற அவர் நூல் 1854-இல் வெளிவந்தது. வீடு இடம் பெயர்க்கப்பட்டு, தானியக் கொட்டகையாகிப் பின்னர் பிரிக்கப்பட்டது. 1945-இல் தோண்டிப் பார்த்தபோது புகைபோக்கியின் அடித்தளக் கற்கள் கிடைத்தன. அவர் சுமந்து வந்த கற்கள் நூறாண்டு கழித்தும் இடத்தைக் காட்டிக் கொடுத்தன!

தோரோவிடம் குறை காண்பதற்காக இதை நான் எழுதவில்லை. தேவையைக் குறைத்தால் கடனின்றி வாழலாம் என்று காட்டியவர் அவர். நாளை நீங்கள் குடும்பம் நடத்தும்போது, ஊர் மெச்ச வேண்டும் என்று சக்திக்கு மீறி வீடு கட்டிக் கலங்காமலிருக்க அவருடைய பட்டியல் உதவும். அத்துடன் அவர் எழுதாமல் விட்ட பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த விடுமுறையில் ஒரு நாள், ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் அன்று உங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கியவற்றை எழுதுங்கள். வலப்பக்கம் காசு கொடுக்காமல் உங்களுக்குக் கிடைத்தவற்றை எழுதுங்கள். அம்மா எழுந்த நேரம், எடுத்த தண்ணீர், துவைத்த துணி, பாட்டி பின்னிவிட்ட சடை, அப்பா தூக்கி வந்த அரிசி மூட்டை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மோர் என எதையும் விடாதீர்கள். பள்ளி திறந்ததும் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவர வேண்டாம். அதற்கு மதிப்பெண் இல்லை. அதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். பிறகு எழுந்துபோய், வலப்பக்கத்தில் உள்ள வேலைகளில் ஏதேனும் ஒன்றை அன்றைக்கு நீங்களே செய்துவிடுங்கள்.