விஞ்ஞானமும் விசுவாசமும்

கேள்வி: விஞ்ஞானம் படிக்கப் படிக்க விசுவாசம் குறைந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். புனித தோமஸ் அக்குவைனாஸ் இதற்கு என்ன சொல்வார்?
— மாணவி, கல்லடி

பதில்: அம்மாவின் பயம் அன்பினால் வருவது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்குவைனாஸ் அப்படிப் பயப்படவில்லை. அறிவும் விசுவாசமும் ஒரே இறைவனிடமிருந்து வருவதால் அவை உண்மையில் முரண்படமாட்டா என்றார். அரிஸ்டோட்டிலையும், முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு சீனாவையும் ஆழ்ந்து படித்தார். இறைவன் இருக்கிறார் என்பதை அறிவால் எட்டலாம். அவர் மூவொரு கடவுள் என்பதோ வெளிப்பாட்டால் மட்டுமே தெரியும்.

அக்குவைனாஸிடம் எனக்கு மிகப் பிடித்தது நேர்மை. உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்று விசுவசித்தார். ஆனால் அதை அறிவால் நிரூபிக்க முடியாது என்றே எழுதினார். பலவீனமான வாதங்களை அடுக்கினால், இவற்றை வைத்தா நம்புகிறார்கள் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள் என எச்சரித்தார்.

விசுவாசமும் விஞ்ஞானமும் ஒன்றாகச் செல்லும் என்பதற்கு உங்கள் கல்லடிப் பாலத்தடியிலேயே உதாரணம் இருக்கிறது. அங்குள்ள வாவியில் பாடும் மீன்களின் ஓசையை 1950களில் நீருக்கடி ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்தவர் இயேசு சபைக் குருவான பாதர் லாங். இலங்கை வானொலியும் அதை ஒலிபரப்பியது. குருத்துவம் அவருடைய ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், துணிந்து படியுங்கள்.