டியூ தகராறு: துணிய வேண்டியது எங்கே, பயப்பட வேண்டியது எங்கே?

கார் கடனில் பேங்கோடு மல்லுக்கட்டுகிறவர்களைக் கவனித்தால் ஒரு விசித்திரம் தெரியும். சட்டம் தங்கள் பக்கம் நிற்காத இடத்தில் மார்தட்டுவார்கள். சட்டம் தங்களுக்கு அரணாக நிற்கிற இடத்தில் கையைப் பிசைவார்கள். "தப்பு அவங்க மேல, நான் ஏன் டியூ கட்டணும்?" என்று மூன்று மாதம் நிறுத்திவைக்கிற மனிதரே, வசூல் ஏஜென்ட் இரவு ஒன்பது மணிக்கு போனில் அதட்டினால் நாக்கு ஒட்டிக்கொள்ள நிற்கிறார். இரண்டுக்கும் காரணம் டீக்கடை முதல் ஷோரூம் வரை புழங்குகிற சில நம்பிக்கைகள். அவற்றில் எட்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: தகராறு தீரும்வரை டியூவை நிறுத்தி வைக்கலாம்.

உண்மை: கூடாது. பேங்க் தவறாக 590 ரூபாய் பிடித்துவிட்டது என்பதற்காக 12,000 ரூபாய் டியூவை நிறுத்துகிறவர், சிறிய தொகையில் தன் பக்கம் இருந்த நியாயத்தைப் பெரிய தொகையில் இழக்கிறார். டியூ தேதி தாண்டிய அன்றே கணக்கு பாக்கிப் பட்டியலில் ஏறும். முதல் 30 நாள், அடுத்த 30, அதற்கடுத்த 30 என்று கடனை மூன்று படிகளில் கண்காணிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். "நான் தகராறில் இருக்கிறேன்" என்பது அந்த நாள் கணக்கை நிறுத்தாது.

வழி என்ன? டியூவைக் கட்டிவிட்டு, "இந்தத் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை, எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டே செலுத்துகிறேன்" என்று அன்றே இமெயில் அனுப்புங்கள். பணம் கட்டியதாலேயே கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது.

நம்பிக்கை 2: டியூ தேதி ஞாயிற்றுக்கிழமை. பேங்க் லீவு. திங்களன்று பணம் போட்டால் போதும்.

உண்மை: பழைய காலத்தில் சரி. டியூவைத் தானாக எடுக்கும் 'நாச்' முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் வாரத்தின் ஏழு நாளும் இயங்குகிறது. ஞாயிறும் பண்டிகை நாளும் அதற்குக் கணக்கில்லை. முதல் நாளே கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். "செக் கொடுத்தால்தானே கேஸ்?" என்ற தைரியம் பலருக்கு உண்டு. 2007-ம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், பிரிவு 25-ன்படி, கணக்கில் பணமில்லாமல் மின்னணுப் பரிமாற்றம் திரும்பினாலும் குற்ற வழக்குத் தொடரலாம். செக் பவுன்ஸுக்கு உள்ளதைப் போலவே முதலில் நோட்டீஸ் வரும். கிடைத்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. ஆகவே அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது புத்திசாலித்தனம் இல்லை.

பவுன்ஸ் ஆனதும் பதறிப்போய் உடனே ஆன்லைனில் கட்டிவிடுகிறோம். இரண்டு நாள் கழித்து பேங்க் மறுபடி 'நாச்' போட்டு அதே டியூவை இன்னொரு முறை எடுத்துவிடுகிறது. அடிக்கடி நடக்கிற தகராறு இது. கையால் கட்டிய உடனே ரசீது எண்ணோடு "மறுபடி எடுக்க வேண்டாம்" என்று எழுதி அனுப்பிவிட்டால் பிறகு வாதம் எளிது.

நம்பிக்கை 3: பாதி டியூ கட்டியாச்சு; பாதிக் கடன் தீர்ந்திருக்கணும். பாக்கி அதிகமாகக் காட்டினால் அது ஏமாற்று.

உண்மை: இங்கே பேங்க் மேல் கோபப்படுவதில் பயனில்லை. 6 லட்சம் ரூபாயை 9.5 சதவீத வட்டியில் 60 மாதத்துக்கு வாங்கினால் மாத டியூ சுமார் 12,600 ரூபாய். முதல் டியூவில் 4,750 ரூபாய் வட்டிக்கே போய்விடும். 30 டியூ முடிந்த பிறகும் அசல் பாக்கி ஏறக்குறைய 3 லட்சத்து 35 ஆயிரம் இருக்கும். வட்டி முன்பக்கம் கனமாகவும் பின்பக்கம் லேசாகவும் இருப்பது இந்தக் கணக்கின் இயல்பு.

முன்கூட்டி அடைக்கும்போது கேட்கிற கட்டணமும் அப்படித்தான். மாறும் வட்டியில் தனிநபருக்குக் கொடுத்த கடனுக்கு பேங்குகள் அதை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி. அதற்கு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வாங்கலாம்.

சந்தேகப்பட வேண்டியது வேறிடத்தில். "பத்து பர்சன்ட்தான் சார்" என்று சொல்வது, அசல் குறைந்தாலும் முதல் தொகைக்கே கடைசிவரை கணக்கிடும் ஃபிளாட் வட்டியாக இருந்தால், 5 வருடக் கடனில் உண்மையான வட்டி 17 சதவீதத்தைத் தாண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தரும் தனிநபர் கடன்களுக்கு, எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அந்த அறிக்கையில் சொல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. உங்கள் ஃபைலில் அந்தத் தாள் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

நம்பிக்கை 4: அபராதம் பேங்க் போட்டால் போட்டதுதான். வட்டிக்கு வட்டி குட்டி போடும்.

உண்மை: துணிந்து கேட்க வேண்டிய இடம் இது. அபராத வட்டி என்ற பேரில் வட்டி விகிதத்தோடு இரண்டு, மூன்று சதவீதம் ஏற்றிக்கொண்டிருந்ததை 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. தவணை தவறினால் 'அபராதக் கட்டணம்' வாங்கலாம். அதை வட்டி விகிதத்தில் சேர்க்கக் கூடாது. அசலோடு கூட்டி அதற்கு மேல் வட்டியும் போடக் கூடாது. தவறின் அளவுக்கு ஏற்ற நியாயமான தொகையாகவும் இருக்க வேண்டும். புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. பழைய கடன்களை அந்த ஜூன் மாத இறுதிக்குள் மாற்றிவிடச் சொன்னார்கள்.

அபராதத்துக்கு ஜிஎஸ்டி உண்டா? பேங்கும் நிதி நிறுவனமும் வாங்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2025 ஜனவரியில் மத்திய மறைமுக வரி வாரியம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே ஸ்டேட்மென்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். அபராதம் அசலில் ஏறியிருந்தாலோ, அதன் பக்கத்தில் 18 சதவீத வரி நின்றாலோ, எந்த விதியின் கீழ் என்று எழுதிக் கேளுங்கள்.

நம்பிக்கை 5: டியூ தவறினால் எப்போது வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் வண்டியைத் தூக்கலாம். இதன் மறுபக்கம்: கோர்ட் ஆர்டர் இல்லாமல் தொடவே முடியாது.

உண்மை: இரண்டுமே பாதி. ஒப்பந்தத்தில் இடமிருந்தால் கடன் கொடுத்தவர் வண்டியைத் திரும்ப எடுப்பதற்குச் சட்டத் தடை இல்லை என்று 2006-ல் ஓரிக்ஸ் ஆட்டோ ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எடுக்கும் முறைக்கு வரம்பு உண்டு. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை 2007-ல் பிரகாஷ் கவுர் வழக்கில் அதே நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2011-ல் சிட்டிகார்ப் மாருதி வழக்கில், கடன் பாக்கி இருந்தாலும் பலத்தைப் பயன்படுத்தி வண்டியை எடுப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

நிதி நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை விதிகளும் விவரமானவை. எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழலில் நோட்டீஸ் தேவையில்லை, விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, ஏல முறை ஆகிய எல்லாமே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடி வலியுறுத்திய விதி. சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் சொல்லி அவமானப்படுத்துவதும் தடை செய்யப்பட்டதே. ஏஜென்ட் செய்கிற அத்துமீறலுக்கு அவரை அனுப்பிய பேங்கே பொறுப்பு. "அவுங்க வெளி ஆளுங்க" என்ற பதில் செல்லாது.

வந்தவரிடம் அடையாள அட்டையும் பேங்க் கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியைக் கொடுக்கும் நிலை வந்தால் கிலோமீட்டர், ஸ்டெப்னி, உள்ளே இருக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் குறித்த பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 6: வண்டியை ஒப்படைத்துவிட்டால் கடன் முடிந்தது.

உண்மை: வண்டி வெறும் அடமானம்தான், கடன் உங்கள் கையெழுத்தில் நிற்கிறது. யார்டில் விற்ற தொகை பாக்கிக்குப் போதவில்லை என்றால் மீதியைக் கேட்பார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் கேட்பார்கள். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவில் அவர் பொறுப்பு உங்கள் பொறுப்புக்குச் சமம். அதேபோல விற்ற தொகை பாக்கியை விட அதிகமானால் மிச்சம் உங்களுடையது. எந்தத் தேதியில், எவ்வளவுக்கு விற்றார்கள், என்னென்ன கழித்தார்கள் என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தால் அதுவே உங்கள் வழக்கின் முதல் ஆவணம்.

விபத்தில் வண்டி முழுசாக நொறுங்கினாலும் கதை இதுதான். இன்சூரன்ஸ் பணம் முதலில் கடன் கொடுத்த பேங்குக்குப் போகும். கிளெய்ம் முடிகிறவரை டியூ ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நம்பிக்கை 7: செட்டில்மென்ட் பேசி முடிச்சாச்சு, அல்லது கடைசி டியூவும் போயாச்சு. இனி கவலையில்லை.

உண்மை: இரண்டும் வேறு வேறு. பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடன், சிபில் போன்ற அறிக்கைகளில் 'செட்டில்டு' என்று நிற்கும். அடுத்த கடன் கேட்கும் இடத்தில் அது கறைதான். முழுத் தொகையும் கட்டினால்தான் 'குளோஸ்டு'. வாய்மொழியாகப் பேசிய செட்டில்மென்டுக்கு மதிப்பே இல்லை. கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

கடைசி டியூ போனதாலேயே ஆர்சியில் பேங்க் பெயர் அழிந்துவிடாது. தடையின்மைச் சான்றும் பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் எச்.பி. கேன்சல் செய்ய வேண்டும். இன்சூரன்ஸிலும் பேங்க் பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். கடன் முழுசாக அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான உரிமையையும் நீக்க வேண்டும் என்றும், பேங்கால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கை சொல்கிறது.

கட்டிய டியூவைக் கடன் அறிக்கையில் கட்டாததாகக் காட்டினால்? புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருடம் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டியவை. நான்கையும் பாருங்கள், ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தவறாக இருக்கலாம்.

நம்பிக்கை 8: பேங்கை எதிர்த்து சாமானியன் என்ன செய்ய முடியும்? வக்கீலுக்கே பாதிக் காசு போய்விடும்.

உண்மை: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதல் படிக்கு வக்கீலே வேண்டாம். கிளையில் உட்கார்ந்து பேசியது, கால் சென்டரில் அரைமணி நேரம் காத்திருந்தது எதுவும் புகார் ஆகாது. பேங்கின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, புகார் எண் வாங்கியதிலிருந்துதான் நாள் எண்ணப்படும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே வாசல், கட்டணம் கிடையாது, இணையத்தில் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அதே விவகாரம் நீதிமன்றத்திலோ நடுவரிடமோ இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். எனவே வரிசையைத் தீர்மானித்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். "தகராறு வந்தால் மும்பையில் நடுவர் முன்புதான்" என்று ஒப்பந்தம் சொன்னாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது; உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை உறுதிசெய்தது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான்.

இத்தனைக்கும் முதலீடு ஒரு ஃபைல். ஒப்பந்த நகல், முக்கிய விவர அறிக்கை, டியூ அட்டவணை, கணக்கு ஸ்டேட்மென்ட், கட்டிய ரசீதுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். புகார்க் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: கடன் எண், தேதி, தவறான தொகை, எந்த விதிக்கு முரண், என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்து விவரம் போதும். கோபம் தேவையில்லை, இணைப்புகள் தேவை. அந்தக் கடிதம் போகிற மாதத்திலும் டியூ சரியான தேதியில் போய்ச் சேரட்டும். பாக்கி வைக்காதவரின் புகாரைத் தட்டிக்கழிக்க பேங்குக்குச் சாக்கு கிடைக்காது.