ஈப்பொறி வாசலில் வேண்டாம், எருக்குழி பக்கம் வைப்போம்!



குப்பையிலும் மலத்திலும் உட்கார்ந்த ஈ, அதே காலோடு நம்ம பிள்ளைகளின் சோற்றுத் தட்டுக்கு வருகிறது. வயிற்றுப்போக்குக்கு இதுவும் ஒரு காரணம். செலவில்லாமல் ஈப்பொறி ஒன்றை நாமே செய்யலாம்.

செய்முறை: காலி தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, மூடியை எடுத்துவிட்டு, புனல் மாதிரி தலைகீழாகச் சொருகணும். உள்ளே கொஞ்சம் வெல்லத் தண்ணீர், ஒரு கருவாட்டுத் துண்டு, இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். உள்ளே போன ஈ வெளியே வர வழி தெரியாமல் மூழ்கிவிடும். பிள்ளைகளும் கோழிகளும் நடமாடும் இடம், பூச்சிமருந்து கலக்கவே கூடாது.

எங்கே வைப்பது? இதுதான் முக்கியம். வாசலிலோ அடுப்படியிலோ வைத்தால் அந்த வாடையே ஈக்களை வீட்டுக்குக் கூட்டி வரும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, எருக்குழி பக்கம் வைக்கணும். வாரம் ஒருமுறை செத்த ஈக்களைக் குழியில் கொட்டி, மண் போட்டு மூடி, புதுசாக ஊற்றணும்.

பொறி மட்டும் போதாது. ஒரு ஈ ஒரு தடவைக்கே 100 முட்டை வரை இடும். வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் அவை ஈயாகிப் பறக்கும். அதனால் சாணியை அன்றாடம் அள்ளிக் குழியில் போட்டு, மேலே மண் தள்ளுவோம். ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்து வீட்டு ஈ வரும். அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தெருவே சேர்ந்து செய்வோமா?