குதிரைக்கு நிறம் உண்டு, பறவைக்குப் பெயர் உண்டு

அன்புள்ள தம்பி,

ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் தன் மாணவர்களைப் படிக்கச் சொன்ன புத்தகங்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரை கிடைத்தது. ஒவ்வொரு நூலுக்குக் கீழும் ‘படமாக எடுக்கலாமா?’ என்று கேட்டு மதிப்பெண் போட்டிருக்கிறாய். ஜே. ஏ. பேக்கரின் ‘தி பெரக்ரின்’ நூலுக்குப் பத்துக்கு இரண்டு. காரணம்: ‘கதை இல்லை.’ அங்கேதான் கோபம் வந்தது.

கதை இல்லைதான். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு மனிதர் அக்டோபர் முதல் ஏப்ரல்வரை பொரி வல்லூறுகளின் பின்னால் அலைகிறார். பத்தாண்டுகள் பார்த்ததை ஒரே பனிக்காலத்து நாட்குறிப்பாகச் சுருக்கி 1967இல் வெளியிட்டார் பேக்கர். வல்லூறு எந்தத் திசையிலிருந்து பாய்ந்தது, காற்று எப்படி இருந்தது, தின்று போட்ட புறா எந்தக் கோலத்தில் கிடந்தது என்று பக்கம் பக்கமாகப் போகும். ஹெர்சாக் அதைப் படிக்கச் சொல்வது படமெடுக்க அல்ல, கண்ணைப் பழக்க.

கூடவே நீ அனுப்பிய திரைக்கதையில் ‘வானில் ஒரு பறவை பறக்கிறது’ என்று ஒரு வரி. எந்தப் பறவை? கொக்கா, கரும்பருந்தா? இரை தேடுகிறதா, கூட்டுக்குத் திரும்புகிறதா? இது தெரியாமல் ஒளிப்பதிவாளர் கேமராவை எங்கே வைப்பார்?

ஹெர்சாக்கின் பட்டியலில் விர்ஜிலின் ‘ஜார்ஜிக்ஸ்’ இருக்கிறது. உழவும் திராட்சையும் கால்நடையும் தேனீயும்தான் அதன் பொருள். கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனின் 1964 அறிக்கையும் உண்டு. இவற்றில் எதிலும் ‘ஒன்லைன்’ கிடைக்காது.

புத்தகத்தைக் கதைக்காக அல்லாமல் கண்ணைப் பழக்கப் படிப்பதில் எங்கள் தலைமுறைக்கு ஆசான் இயக்குநர் மகேந்திரன். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலை அதன் நாயகன் காளி கையை இழக்கும் இடம்வரை படித்து மூடிவைத்துவிட்டு, மீதியைத் தானே எழுதினார். நாவலில் கையைப் பறித்தது புலி. 1978இல் வந்த படத்தில் லாரி. மறு ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்த படம்தான், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சம்பவங்கள் பொருந்தாது. தாயில்லாப் பிள்ளைகளின் முகம் மட்டும் பொருந்தும். கோடம்பாக்கத்து டீக்கடைகளில் இதைப் பற்றி இரவெல்லாம் பேசியிருக்கிறோம்.

உன் கட்டுரையில் பெர்னால் தியாஸ் பற்றிய பத்தி மட்டும் வேறு உயரம். ஸ்பானியத் தளபதி கோர்தேசுடன் மெக்ஸிகோ போன சிப்பாய், முதுமையில் உட்கார்ந்து, படையோடு கப்பலேறிய 16 குதிரைகளையும் நிறம், குணம், சொந்தக்காரர் பெயரோடு நினைவுகூர்கிறார். அவற்றில் ஒரு பெண்குதிரை கப்பலிலேயே குட்டி போட்டது. அதை நீ கண்டெடுத்துச் சொன்ன விதத்தைப் பெரிய எழுத்தாளர்களே பொறாமையோடு பார்ப்பார்கள். அற்புதம், தம்பி! அந்தப் பத்தியை மட்டும் விரித்துத் தனிக் கட்டுரையாக எழுது. 1519இல் கப்பல்கள் கியூபாவைவிட்டுக் கிளம்புவதிலிருந்து தொடங்கு. முடித்ததும் எனக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்