பாடம் 7: பல்கலைக்கழகக் கணினிக் கணக்கை மீளப் பெறுதல்

இந்தப் பாடம் யாருக்கு?

2006 இல் சம்பூரிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளை, 2016 இல் பல்கலைக்கழகம் செல்லும் வயதை அடைந்துவிட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்து படித்த அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். காணி துப்புரவாக்கும் வேலைகளுக்கு நடுவே இந்தப் பாடத்தையும் குடும்பமாக இருந்து வாசியுங்கள்.

இன்று பாடப் பதிவு, பரீட்சை விண்ணப்பம், பெறுபேறு, விரிவுரைக் குறிப்புகள் எனப் பலவும் மாணவரின் கணினிக் கணக்கு ஊடாகவே நடக்கின்றன. வீடு மாறும்போது தொலைபேசி தொலைந்துபோகலாம், கடவுச்சொல் எழுதிய கொப்பி மழையில் நனைந்துபோகலாம். அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பதிவுக்கான இறுதித் திகதி கடந்துவிடும். ஒரு திகதி தவறினால் ஓர் அரையாண்டுப் படிப்பே பின்தள்ளப்படலாம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது

ஒழுங்காக அமைக்கப்பட்ட கணினித் தொகுதி உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்திருப்பதில்லை. அரிசியை மாவாக அரைப்பதுபோல அதை உருமாற்றித்தான் வைத்திருக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாது. நீங்கள் மறுபடி கடவுச்சொல்லைத் தட்டும்போது அதையும் அவ்வாறே அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும்.

ஆகவே கணினிப் பிரிவு அலுவலரால் உங்கள் பழைய கடவுச்சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. புதிய ஒன்றை அமைத்துத் தரவே முடியும். அதற்கு முன் அவர் உறுதி செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேட்டு வந்திருப்பவர் உண்மையில் அந்த மாணவர்தானா? பழைய சொல்லை நினைவுபடுத்த முயன்று நாட்களை வீணாக்காதீர்கள். பலமுறை பிழையாகத் தட்டினால் கணக்கு பூட்டப்படவும் கூடும். உங்களை அடையாளப்படுத்தும் சான்றுகளைச் சேர்ப்பதே உங்கள் வேலை.

எந்த ஒழுங்கில் செய்வது?

1. அடையாள அட்டை. தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். பின்னர் பிறப்புச் சான்றிதழுடன் உங்கள் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016 முதல் 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் பதியும்போது 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணைக் கொடுத்திருந்தால், அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பதிவு அந்த எண்ணிலேயே இருக்கக்கூடும்.

2. தொலைபேசி எண். கணக்கைத் திறக்கும் இரகசிய இலக்கம் பழைய எண்ணுக்கே வரலாம். சிம் அட்டை யார் பெயரில் பதியப்பட்டதோ அவரே அடையாள அட்டையுடன் சென்று அதே எண்ணைக் கேட்க வேண்டும். அப்பாவின் பெயரில் இருந்தால் அப்பாதான் போக வேண்டும். நெடுநாள் பாவிக்காத எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். எனவே தாமதிக்க வேண்டாம்.

3. கணக்கு. பல்கலைக்கழகம் வழங்கிய மின்னஞ்சலை அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவே திறந்து தரலாம். யாழ்ப்பாணத்தில் படிக்கும் பிள்ளையின் கணக்கைத் திருகோணமலை வளாகத்தில் திறக்க முடியாது. தனிப்பட்ட ஜிமெயில் என்றால் கூகுளின் மீட்புப் பக்கத்தில் முயல வேண்டும். முன்பு அதே கணக்கைத் திறந்த தொலைபேசியிலோ கணினியிலோ, பழகிய இடத்திலிருந்தே முயன்றால் வாய்ப்பு அதிகம்.

ஒரே பயணத்தில் முடிக்க

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி, கோணேசபுரியில் உள்ளது. மூதூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் கிண்ணியாப் பாலம் கடந்து நகருக்கு வந்து, அங்கிருந்து நிலாவெளி வீதியால் செல்லும் பஸ்ஸில் ஏற வேண்டும். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு கடதாசி குறைந்தால் இன்னொரு நாளும் போகும். புறப்பட முன் இவற்றைச் சரிபாருங்கள்:

• அடையாள அட்டை, அல்லது பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் பிறப்புச் சான்றிதழும்
• மாணவர் அடையாள அட்டை அல்லது பதிவிலக்கம்
• அனுமதிக் கடிதம் இருந்தால் அதன் பிரதி
• இயங்கும் தொலைபேசி
• கோரிக்கைக் கடிதம், இரண்டு பிரதிகள்

கடிதம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா/அம்மணி, நான் ............ பீடத்தில் ............ ஆம் ஆண்டில் பயிலும் மாணவர். எனது பதிவிலக்கம் ............ . எமது குடும்பம் மீள்குடியேறியபோது எனது தொலைபேசியும் குறிப்புகளும் தொலைந்தமையால் எனது கணக்கினுள் நுழைய முடியவில்லை. எனது அடையாளத்தைச் சரிபார்த்துப் புதிய கடவுச்சொல் அமைத்துத் தருமாறும், எனது தொலைபேசி எண்ணை ............ என மாற்றித் தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டாவது பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுத் திகதி ஏற்கெனவே தவறியிருந்தால், பீட அலுவலகத்தில் தாமதத்துக்கான காரணத்தை விளக்க அது சான்றாகும்.

கணக்குப் பூட்டப்படுவது வேறு, மாணவர் பதிவு இரத்தாவது வேறு. கணக்குத் திறக்கவில்லை என்பதை வைத்துப் படிப்பே போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பீட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

ஏமாறாதிருக்க

கடவுச்சொல்லை மாற்றும் அதிகாரமுள்ள அலுவலருக்கு உங்கள் பழைய கடவுச்சொல் தேவையில்லை. தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தை வாசித்துக் காட்டும்படி எவரேனும் கேட்டால் அவர் உங்கள் கணக்கைப் பறிக்கப் பார்க்கிறார். பணம் தந்தால் திறந்து தருகிறேன் என்பவரிடமும் கொடுக்க வேண்டாம்.

கணக்குத் திறந்த அன்றே

• அலுவலர் தந்த தற்காலிகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் நீளமாகவும் நினைவில் நிற்பதாகவும் இருக்கும். பெயர், பிறந்த திகதி, ஊர்ப்பெயர் வேண்டாம்.
• பழைய தொலைபேசி எண்ணை நீக்கிப் புதியதைப் பதியுங்கள்.
• தொடர்பாடல் நிலையத்துக் கணினியில் திறந்திருந்தால், எழுந்து வரமுன் கணக்கை மூடுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள்.
• கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் உள்ள பொலித்தீன் பையில் வையுங்கள். வெள்ளமோ வேறு ஆபத்தோ வந்தால் நீங்கள் முதலில் கையில் எடுக்கும் பை அதுதான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. எங்கள் வீட்டுச் சிம் அட்டைகள் யார் யார் பெயரில் உள்ளன?
2. பிள்ளையின் பதிவிலக்கம் பிள்ளையைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா?
3. அடுத்த பதிவுக்கான இறுதித் திகதி என்ன? அதை நாட்காட்டியில் குறித்துவிட்டோமா?