முதியோரின் சலத் தொல்லை: மறைக்க வேண்டாம்



இரவில் நாலைந்து தடவை எழும்புவதும், சலம் தடைப்பட்டுச் சொட்டுச் சொட்டாகப் போவதும் வயோதிபத்தில் அநேக ஆண்களுக்குள்ள தொல்லை. சலப்பையின் கீழே சலக்குழாயைச் சூழ்ந்துள்ள புரொஸ்டேட் சுரப்பி, 50 வயதின் பின் மெல்லப் பருத்து அக்குழாயை நெருக்குவதே பெரும்பாலும் காரணம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கண்டிப் பகுதியில் பொல்பலாவையும் நெருஞ்சி முள்ளையும் அவித்துக் குடிப்பது வழக்கம். சலத்தைப் பெருக்கவே இவை கொடுக்கப்படுகின்றன. சுரப்பி இவற்றால் சுருங்குமென்பதற்கு ஆதாரமில்லை. மாலைக்குப் பின் குடித்தால் நித்திரைதான் கெடும். தக்காளி, பூசணி விதை, கீரை நல்ல உணவே; மருந்தல்ல. குளிருக்கு இதமான இராத்தேநீரையும் மதுவையும் குறைத்தல், படுக்க 2 மணி நேரம் முன்பே பானங்களை நிறுத்துதல், மலச்சிக்கலைத் தவிர்த்தல் ஆகியனவே பயனுள்ள வீட்டுப் பரிகாரம். தடிமனுக்குக் கடையில் வாங்கும் சில குளிசைகள் சலத்தை அடைத்துவிடும், கவனம்.

சலத்தில் இரத்தம் கண்டாலோ, சலம் முற்றாக அடைபட்டாலோ கஷாயம் வைத்துக் காத்திராதீர்கள். அன்றே கண்டி தேசிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், அங்கே கட்டணமில்லை. புற்றுநோயும் இதே குறிகளோடு வரக்கூடும்.

மூலிகையும் வைத்தியரும் ஆண்டவரின் கொடையே என்பது சீராக் ஞான நூல் 38-ம் அதிகாரத்தின் போதனை. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளலாகாது. பிள்ளைகளே, அப்பா சொல்லக் கூச்சப்படுவார், நீங்களே கேளுங்கள்.