சிமென்ட் தரையா, மண் தரையா?

கொல்லையில் 20 நாட்டுக்கோழிகளுக்குக் கொட்டகை போடுகிறோம். சிமென்ட் தரை சூடாகும், மண்ணே போதும் என்கிறார் மாமனார். வெயிலுக்கு எது நல்லது? மேலே என்ன பரப்புவது?
– வாசகி, அருப்புக்கோட்டை

சிமென்டே போடுங்கள். மண் தரை குளிர்ச்சிதான், மாமனார் சொல்வதில் தவறில்லை. ஆனால் எலி வளை பறிக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தரையை ஒரு அடி உயர்த்தி, கழுவிய நீர் வழிந்தோட லேசாக வாட்டம் கொடுத்துப் பூசச் சொல்லுங்கள். நிழலும் காற்றோட்டமும் இருந்தால் சூடு ஏறாது.

மேலே நெல் உமி. அரிசி ஆலையில் மூட்டையாகவே கிடைக்கும், சீக்கிரம் உலரும். கடலைத் தோல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கோடையில் இரண்டு அங்குலம் போதும். கனமாகப் போட்டால் எச்சத்தோடு சேர்ந்து அடியில் நொதித்துச் சூடு கிளப்பும். மார்கழியில் அது சுகம், சித்திரையில் தண்டனை. ஐப்பசி மழைக்கு முன் நான்கு அங்குலமாக்கலாம்.

வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி உமியை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள்: உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்த் தட்டுதான். அதைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள், சிந்தாது. நனைந்த உமியை உடனே வாரிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மூக்கில் காரமாக ஏறும் அந்த நெடி வருவதே ஈரத்தால்தான். வாரியதை மக்க வைத்தால் தென்னைக்கு உரம்.